தலைவர் கடைசியில் பேசட்டும்

கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை சங்கங்களின் கூட்ட நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டியே காலம் போயிற்று. அதனாலோ என்னவோ, எனக்கு வரும் கடிதங்களில் பாதி கூட்டம், குழு, கமிட்டி என்றே இருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. நிர்வாகத்தில் 11 பேர். கடன் வாங்கித் தேனின் ஈரப்பதத்தைக் குறைக்கும் இயந்திரம் வாங்கினோம். கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. இப்போது தேன் சீசன் போக மற்ற மாதங்களில் அது சும்மா கிடக்கிறது. தவணை மட்டும் நிற்காமல் போகிறது. "எனக்கு அன்றைக்கே மனசில்லை" என்று 7 பேர் சொல்கிறார்கள். இவர்களை என்ன செய்யலாம்?
— குழுச் செயலாளர், உண்ணாமலைக்கடை

ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த 7 பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் விரும்பாத ஒன்றை எல்லாரும் சேர்ந்து கைதூக்கி வாங்கியிருக்கிறீர்கள். இப்படி நடப்பது அபூர்வமும் இல்லை.

ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் வீட்டுக் கதை ஒன்றை 1974-ல் எழுதினார். டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூரில் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். 40 டிகிரி வெயில். மாமனார், "அபிலீன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்கிறார். மகள் நல்ல யோசனை என்கிறாள். மருமகன் ஹார்வி தலையாட்டுகிறார். மாமியாரும் சரி என்கிறார். ஏசி இல்லாத காரில், புழுதியில், போக வர 106 மைல். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போய்த் திரும்புவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் நன்றாக இல்லை. திரும்பி வந்து பேசியபோதுதான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை என்று. மாமனார்கூட, மற்றவர்களுக்குப் பொழுது போகவில்லையோ என்று நினைத்துத்தான் கேட்டாராம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அன்றைய கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது யார்? தலைவர் என்றால், அப்புறம் நடந்ததற்குக் கூட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது. தலைவர், "நல்ல மெஷின், மானியமும் கிடைக்கும், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபின் மறுத்துப் பேசுகிறவர் மெஷினை எதிர்க்கவில்லை, தலைவரை எதிர்க்கிறார் என்று ஆகிவிடுகிறது. நம் ஊரில் தலைவர் யாருக்காவது மாமாவாக இருப்பார், யாருக்காவது சாராக இருந்திருப்பார். வெளியே போய்ச் சாயாக் கடையில் பேசிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் வெளியிட்ட சோதனை இதற்கு இன்னும் பொருத்தம். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்றில் எது இதே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். சொல்லிவைத்தது போல் ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை அந்த ஒற்றை மனிதரும் தப்பான பதிலையே சொன்னார். கண்ணுக்கு முன்னால் கோடு இருக்கும்போதே இந்தக் கதை என்றால், மெஷின் லாபம் தருமா என்பதில் எவ்வளவு வழுக்கும்! இதில் இரண்டு விஷயம் நமக்கு உதவும். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அந்த மனிதருக்கும் தைரியம் வந்துவிட்டது. பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் தப்பு வெகுவாகக் குறைந்தது.

அதனால்தான் சீட்டு எழுதுங்கள் என்று இந்தப் பகுதியில் முன்பே சொன்னேன். பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கொரு தாளில் மூன்று வரி: வாங்கலாமா, ஏன், எனக்குத் தெரிந்து இதில் என்ன சிக்கல். மூன்றாவது வரிதான் முக்கியம். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-ல் காட்டியது இது: குழுவாகப் பேசும்போது எல்லாருக்கும் தெரிந்த சங்கதியையே திரும்பத் திரும்பப் பேசுகிறோம், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. உங்கள் 11 பேரில் ஒருவருக்கு அந்தக் கட்டடத்தில் மூன்று பேஸ் கரன்ட் இல்லை என்று தெரிந்திருக்கலாம். இன்னொருவருக்கு ரிப்பேர் பார்க்கும் ஆள் கோயம்புத்தூரில் இருந்துதான் வர வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். நம் ரப்பர் தோட்டத் தேன் ரப்பர் தளிர்க்கும் சில மாதங்களில்தான் பெருவாரியாக வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் மெஷின் ஓடும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னார்களா? தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருப்பதால் மெஷின் தேவை என்பது சரியான யோசனைதான். சொந்தமாக வாங்குவதா, கூலி கொடுத்து வேறு இடத்தில் செய்வதா என்பதைத்தான் யாரும் பேசவில்லை.

பெரிய கடன் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். "ஒரு வருடம் கழித்து இந்தத் திட்டம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் படுத்தது?" என்று எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள். கேரி கிளைன் என்பவர் சொன்ன வழி. "இதில் குறை உண்டா?" என்று கேட்டால் வாய் திறக்காதவரும் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவார். குறை சொல்வதே அங்கே வேலை என்று ஆகிவிடுகிறதே!

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கதையையும் சொல்லிவிடுகிறேன், தலைவருக்குப் படித்துக் காட்டுங்கள். 1961 ஏப்ரலில் கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்க, அங்கிருந்து வெளியேறிய சுமார் 1,400 அகதிப் போராளிகளை அமெரிக்கா அங்கே இறக்கிவிட்டது. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது, பெரும்பாலானோர் பிடிபட்டார்கள். ஆலோசகர்களில் ஷ்லெசிங்கர் என்பவருக்கு இது உருப்படாது என்று தெரியும், எழுதியும் கொடுத்தார். ஆனால் கூட்டத்தில் போதுமான அளவு வாய் திறக்கவில்லை என்று பிற்பாடு வருந்தினார். மறு வருடம் அக்டோபரில் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். இந்த முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். ஆலோசகர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து தனித்தனியாகத் திட்டம் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்துப் பார்த்தார்கள். ஆட்கள் பெரும்பாலும் பழையவர்களே, கூடிப் பேசிய முறைதான் மாறியது. இந்த இரண்டையும் இன்னும் சில முடிவுகளையும் வைத்துத்தான் இர்விங் ஜேனிஸ் என்ற உளவியலாளர் 1972-ல் குழுக்கள் எப்படிச் சேர்ந்து வழுக்கி விழுகின்றன என்று எழுதினார்.

அமெரிக்க ஜனாதிபதியே வெளியே போய் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் தலைவர் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டோடு அரைமணி நேரம் வராந்தாவில் இருக்கலாம்.

மறுப்பவர் பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப் பயப்படாதீர்கள். தணிக்கைக்குப் போன இடத்தில் வருடக்கணக்காக எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியிருந்தால், அந்தச் சங்கத்தின் கணக்கைத்தான் நான் கூடுதலாகக் கிண்டுவேன். பெரும்பாலும் ஏதாவது அகப்படும்.

6 பெண்கள் சேர்ந்து மீன் ஊறுகாய் போட ஆரம்பித்தோம், நன்றாகப் போனது. ஆர்டர் கூடியதால் 15 பேர் ஆனோம். வேலை இரண்டு மடங்குகூடக் கூடவில்லை. வருமானத்தைச் சமமாகப் பிரிக்கிறோம். சிலர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா அம்மா?
— குழுத் தலைவி, முட்டம் அருகில்

அவசரப்பட்டு அப்படி நினைக்காதே மக்கா. கரையில் நின்று கயிறு பிடித்துக் கரமடி வலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவளாகத்தான் நீ இருப்பாய். கயிற்றில் இத்தனை பேர் வரிசையாக நிற்கும்போது யார் இழுக்கிறார், யார் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியுமா?

பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார், 1913-ல் வெளியானது. தனியாக இழுக்கும்போது ஒருவருக்கு இருந்த பலத்தில், 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குப் பாதிதான் வந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் இழுக்காததால் பலம் சிதறுகிறது என்பது ஒரு காரணம். கரமடிக்காரர்கள் பாட்டுப் பாடி இழுப்பது அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். ஆனால் பாட்டால் தீராத இன்னொன்று உண்டு. 1974-ல் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் நிறையப் பேர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, ஒரே ஆளை இழுக்கச் சொன்னார்கள். பின்னால் யாரும் இழுக்கவே இல்லை. அப்படியும் அவர் பலம் குறைந்தது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். தன் பங்கு தனியாகத் தெரியாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் பேச்சுக் கணக்கு. 6 பேருக்குள் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 15 ஜோடி. 15 பேருக்குள் 105 ஜோடி. யாரோ யாரிடமோ சொல்ல மறந்துபோவதற்கு எத்தனை இடம் பார்!

ஐந்தைந்து பேராக மூன்றாகப் பிரி. ஒரு பிரிவு மீன் வாங்கிச் சுத்தம் செய்யட்டும், ஒன்று தாளித்துப் போடட்டும், ஒன்று பாட்டிலில் அடைத்து விற்கட்டும். ஒவ்வொரு பாட்டில் அடியிலும் தேதியோடு அந்த அடுப்பில் நின்றவரின் எண் இருக்கட்டும். மாதாமாதம் பிரிவுகளை மாற்றிவிடு, இல்லாவிட்டால் மீன் கழுவுகிறவர்கள் காலம் முழுக்க மீன் கழுவிக்கொண்டே இருப்பார்கள். பணத்தை இப்போதைக்குச் சமமாகவே பிரி. யார் பங்கு என்ன என்று தெரிந்தாலே பாதி சரியாகிவிடும். பணத்தில் கை வைத்தால் சண்டை வீட்டுக்கு வந்துவிடும்.

ஊர்ச் சமூகநலக்கூடம் கட்ட 40 லட்சம் மதிப்பீடு. கமிட்டியில் அதைப் பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். கேட்டுக்கு என்ன பெயின்ட் என்று இரவு பதினொரு மணி வரை சண்டை. எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படியா?
— வாசகர், தக்கலை

பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-லேயே இதைக் கிண்டல் செய்துவிட்டார். அவர் கற்பனை செய்த கமிட்டி, அணு உலைக்கான செலவை இரண்டரை நிமிடத்தில் ஒத்துக்கொண்டு, சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அஸ்திவாரக் கம்பி எத்தனை எம்.எம். என்று கேட்க ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். பச்சையா நீலமா என்று சொல்லக் கண் இருந்தால் போதும். பெயின்டை இரண்டு பேரிடம் விட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்த 40 லட்சத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மருந்து கொடுப்பதில் சின்னத் தவறு நடந்தாலும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டு. ஆனால் எங்கள் வார்டில்தான் தவறு குறைவு என்று பாராட்டுகிறார்கள். உறுத்துகிறது.
— வாசகி, நாகர்கோவில்

உறுத்த வேண்டியதுதான். எமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் இதே விஷயத்தில் ஏமாந்து போகப் பார்த்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார். வந்தது நேர் எதிர்: நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் எண்ணிக்கை அதிகம். பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை வெளியே சொன்னார்கள். 1996-ல் இது வெளியானது.

நீ மேலதிகாரி இல்லை, ஊர் முழுக்கத் திருத்த முடியாது. ஷிப்ட் மாறி ஹேண்டோவர் கொடுக்கும்போது, "இன்றைக்கு இரண்டு மருந்துப் பட்டைகள் ஒரே மாதிரி இருந்தன, நான் மாற்றி எடுக்கப் பார்த்தேன், கவனமாக இருங்கள்" என்று சொல்லிப் பார். நடக்காமல் தப்பியதைச் சொன்னால் யாரும் திட்ட முடியாது. உன்னோடு ஒத்துச் சொல்ல இன்னும் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். நோயாளிக்கு உண்மையிலேயே தவறான மருந்து போய்விட்டால் மட்டும் திட்டுக்குப் பயந்து நிற்காதே. அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிடு.

எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் 14 வருடமாக ஒரே தலைவர். சோழர் காலக் குடவோலை முறையைக் கொண்டுவந்தால் என்ன?
— வாசகர், தோவாளை

உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921. அதைச் சொன்னால் கைதட்டு நிச்சயம். ஆனால் அது குலுக்கல் முறை. போட்டியிட நிலமும் வீடும் வேதப் படிப்பும் வேண்டும், நானும் நீங்களும் பெரும்பாலும் வாசலில் நின்றிருப்போம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விதி உண்டு: கடந்த மூன்று வருடத்தில் பதவி வகித்தவர் மறுபடி வர முடியாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது. உங்கள் துணைவிதிகளில் இந்த இரண்டையும் சேர்க்கப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தலைவர் எதிர்ப்பார். எதிர்க்கும்போது என்ன காரணம் சொல்கிறார் என்று எழுதி வையுங்கள்.

நீங்கள் சொன்னபடி எங்கள் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் சீட்டு எழுதினோம். தலைவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, "இது யார் கையெழுத்துன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். அதோடு எல்லாரும் ஊமை.
— வாசகர், குலசேகரம்

சீட்டை அவர் கையில் ஏன் கொடுத்தீர்கள்? அடுத்த முறை நிர்வாகத்தில் இல்லாத ஒருவர், உங்கள் கணக்கர் போதும், சீட்டுகளை வாங்கித் தனி அறையில் எல்லாவற்றையும் ஒரே தாளில் தன் கையெழுத்தில் வரிசை மாற்றி எழுதட்டும். மூலச் சீட்டுகளை அங்கேயே கிழித்துவிடட்டும். கூட்டத்துக்கு அந்தத் தாள் மட்டும் வந்தால் போதும். அதைப் படிப்பவரும் கணக்கராகவே இருக்கட்டும், அவர் படித்து முடிக்கும்வரை தலைவர் உட்பட யாரும் பேசக் கூடாது. அப்போதும் தலைவர், "மூணாவது வரி அவன் எழுதினதுதான்" என்று கண்டுபிடித்தால், பக்கத்தில் இருப்பவர் யாராவது, "இல்ல, அத நான்தான் எழுதினேன்" என்று சொல்லிவிடுங்கள். நாலு பேர் அப்படிச் சொன்னால் அவர் தேடுவதை விட்டுவிடுவார்.