வாசகர் கேள்வி பதில்: உளுந்துக்கு மணிச்சத்து

இறவையில் (பாசன நிலத்தில்) ஒரு ஏக்கர் உளுந்து, விதைத்து 25 நாள். செடி குட்டையாக, இலை மங்கிய கரும்பச்சையாக நிற்கிறது. அடியுரம் போடவில்லை. இப்போது சூப்பர் பாஸ்பேட் தூவலாமா?
– வாசகர், திண்டிவனம்

தூவினால் காசுதான் வீண். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) யூரியாபோல் தண்ணீரோடு வேருக்கு இறங்காது. விழுந்த இடத்தைவிட்டு அதிகம் நகராமல், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்துவிடும்.

இரண்டு செடியை மண்ணோடு தோண்டி, வேரைக் கழுவி, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது. வெள்ளை, பச்சை என்றால் சேரவில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்க முடிச்சுக்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைச் சுமக்கும் பொருளிலேயே மணிச்சத்து இருக்கிறது. அதனால்தான் மணிச்சத்துப் பஞ்சம் பிறகு தழைச்சத்துப் பஞ்சமாகவும் தெரியும். அதைப் பார்த்து யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி ஓடும், காய் இருக்காது.

இந்தப் பயிருக்கு டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலை இலையில் தெளிப்பதுதான் வழி (அளவு அடுத்த பதிலில்). அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, யூரியா 22 கிலோ, பொட்டாஷ் 17 கிலோ அடியுரமாக இடுங்கள். விதைக்குப் பக்கவாட்டில், 5 செ.மீ. ஆழத்தில் விழுந்தால் உத்தமம். மானாவாரிக்கு இதில் பாதி. சூப்பருக்குப் பதில் டி.ஏ.பி. 43 கிலோ போட்டாலும் மணிச்சத்துக் கணக்கு சரியாகும். அப்போது யூரியா 5 கிலோ போதும். ஆனாலும் சூப்பரில் கந்தகமும் இருக்கிறதே! பயறுக்கு அது அவசியம். ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்) நேர்த்தி செய்த விதையை மட்டும் உரத்தோடு கலந்துவிடாதீர்கள், நுண்ணுயிர் செத்துப்போகும்.

நெல் தரிசில் உளுந்து தெளிக்கிறோம். உழவே இல்லை, அடியுரம் எப்படி இடுவது?
– வாசகர், திருவாரூர்

இட முடியாது. நெல் அறுவடைக்கு 7–10 நாள் முன், மண் மெழுகுபோல் ஈரப்பதமாக இருக்கையில் தெளித்த விதை, நெல்லுக்கு இட்டதில் மிஞ்சியதைத்தான் தின்று வளர்கிறது. ஆகவே 2 சத டி.ஏ.பி. கரைசலைத் தவறவிடாதீர்கள்.

ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் மாலை ஊறவையுங்கள். மறுநாள் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்குங்கள். 10 லிட்டர் டேங்க் என்றால் ஒன்றுக்கு அரை லிட்டர் தெளிவு. அடிமண்டி போனால் நாசில் அடைக்கும். பூ தலைகாட்டும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை. வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள்; உச்சிவெயிலில் இலை கருகும்.

வருடா வருடம் டி.ஏ.பி. தாராளமாகப் போடுகிறேன். இருந்தும் குருத்திலை நரம்புகளுக்கிடையே வெளுக்கிறது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

துத்தநாகக் குறையாக இருக்கலாம். மணிச்சத்து மிஞ்சினால் செடிக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். (பளிச்சென்ற மஞ்சள், பச்சைத் திட்டுகள் கலந்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல், உரத்தால் தீராது.) மண் பரிசோதனையில் ஹெக்டேருக்குக் கிடைக்கும் மணிச்சத்து 22 கிலோவைத் தாண்டினால் வளமான நிலம், உரத்தைக் குறையுங்கள். இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 10 கிராம் யூரியா கலந்து தெளியுங்கள். டி.ஏ.பி. கரைசலோடு சேர்க்க வேண்டாம், திரிந்து அடியில் தங்கிவிடும்.