தன்னை டெய்சி என்று அழைத்துக்கொண்ட கவிஞர்

வாசகர் கேள்வி – பதில்

கே: என் பெயர் டெய்சி. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சில கடிதங்களில் தம்மை ‘டெய்சி’ என்றே குறிப்பிட்டுக்கொண்டார் என்று அண்மையில் அறிந்தேன். அவருடைய இயற்பெயரான எமிலியும் பூவின் பெயர்தானா? எத்தனையோ பூக்கள் இருக்க, இந்தப் பூவை அவர் ஏன் தேர்ந்துகொண்டார்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: எமிலி பூவின் பெயர் அன்று. பண்டைய ரோமில் ஏமிலியர் என்றொரு குலம் இருந்தது. அக்குலப் பெயரின் பெண்பால் வடிவமே காலப்போக்கில் எமிலி ஆயிற்று. தங்கள் பெயரோ அசல் தோட்டப் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘பகலின் கண்’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டிக் குறுகி டெய்சி என நின்றன. காலையில் இதழ் விரித்து மாலையில் கூம்பும் பூவுக்கு அப்பெயர் பொருத்தமானதே. பிரெஞ்சு மொழியில் இப்பூவை மார்கரீத் என்பார்கள். அதனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் மார்கரெட் என்ற பெண்ணை டெய்சி என்று செல்லமாக அழைக்கும் வழக்கமும் உண்டு. மார்கரெட்டின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு முத்து என்று பொருள் என்பது வேறு கதை.

டிக்கின்சன் 1830-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆமர்ஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்து, 1886-இல் அதே ஊரில், பிறந்த வீட்டிலேயே காலமானார். அவர் மறைவுக்குப் பின் கிடைத்த தாள்களுக்கிடையே, ‘மாஸ்டர்’ என்று விளித்து எழுதப்பட்ட மூன்று கடித வரைவுகள் இருந்தன. அந்த மாஸ்டர் யார் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் பல பெயர்களை முன்மொழிந்துவிட்டார்கள், எதுவும் நிலைபெறவில்லை. இவ்வரைவுகளில்தான் அவர் தம்மை டெய்சி என்று படர்க்கையில் வைத்துப் பேசுகிறார். டெய்சி மண்டியிடுகிறாள், டெய்சி தவறு செய்தாளா என்று கேட்கிறாள். வயல்வெளியில் தானாக முளைத்துக் கிடக்கும் எளிய பூ என்பதால், இதைத் தன்னடக்கம் என்று கொள்வோர் பலர்.

எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. இதே பூவை வைத்து அவர் எழுதிய சிறு கவிதை ஒன்றில், டெய்சி பகல் முழுவதும் சூரியனை மெல்லப் பின்தொடர்கிறது; அவனுடைய பொன் நடை முடிந்ததும் அவன் காலடியில் நாணத்தோடு அமர்கிறது. விழித்துப் பார்க்கும் சூரியன், கொள்ளையடிக்க வந்தவரைக் கேட்கும் தொனியில், ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்கிறான். ‘ஐயா, காதல் இனிது என்பதால்’ என்று பதில் வருகிறது. பணிவான பதில்தான், ஆனால் பூவைக் கொள்ளைக்காரி என்று சூரியனே சொல்லும்படி வைத்தவரை வெறும் அடக்கத்தின் உருவம் என்று ஒதுக்க இயலுமா? பகலின் கண் என்ற பெயர்கொண்ட பூ, பகலவனைவிட்டுப் பார்வையை எடுக்க மறுக்கிறது.

மேலும், அவர் பூக்களைத் தூரத்திலிருந்து வியந்தவர் அல்லர். பள்ளிப் பருவத்தில் தாவரவியல் கற்று, ஆமர்ஸ்டின் காடுகளிலும் தோட்டத்திலும் பறித்த செடிகளை உலர்த்தி ஒரு தொகுப்பேடு தயாரித்தார். 66 பக்கங்கள், 424 மாதிரிகள். ஒவ்வொரு காம்பையும் மெல்லிய காகிதத் துண்டால் ஒட்டி, பலவற்றின் கீழே லத்தீன் பெயரையும், தாவரங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸின் முறைப்படி வகுப்பு எண்ணையும் தம் கையால் எழுதியிருக்கிறார். அவ்வேடு இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தாள்கள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் அதன் மின்படிகளைத்தான் காண முடியும். முதல் பக்கத்திலேயே மல்லிகை இனத்துக் கொடி ஒன்று இடம்பெற்றிருப்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.

கே: டிக்கின்சனின் தங்கை பெயர் லவினியா. அது லாவெண்டர் செடியிலிருந்து வந்த பெயரா? அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் தோட்டம் சார்ந்த பெயர் உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

ப: ஒலி ஒத்திருக்கிறதே தவிர உறவு இல்லை. லவினியா ரோமானியப் பழங்கதையில் ஏனியஸ் என்னும் வீரனை மணந்த இளவரசி. லாவெண்டர் என்ற சொல்லையோ ‘கழுவுதல்’ என்ற லத்தீன் வினையோடு இணைத்துச் சொல்வது வழக்கம்.

ஆனால் பூ என்று யாரும் ஐயுறாத பெயர் ஒன்று அக்குடும்பத்தில் இருந்தது. அண்ணன் ஆஸ்டினின் மனைவி சூசன். ஷோஷன்னா என்ற எபிரேயச் சொல் கிரேக்கம் வழியாகச் சூசன்னா ஆகி, ஆங்கிலத்தில் சூசன் எனக் குறுகியது. உன்னதப்பாட்டில் ‘பள்ளத்தாக்குகளின் லீலிபுஷ்பம்’ என்று தமிழ் வேதாகமம் தருவது இச்சொல்லைத்தான். இன்றைய எபிரேயத்தில் அது ரோஜாவைக் குறிக்கிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் இறுதியில் வரும் சூசன்னாவின் கதையும் தோட்டத்திலேயே நிகழ்கிறது. அவள் தவறு செய்ததாகப் பொய்ச்சாட்சி சொன்ன முதியோர் இருவரையும், எந்த மரத்தடியில் என்று தானியேல் தனித்தனியே கேட்க, அவர்கள் வெவ்வேறு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். (நம் ஊர்ச் சூசை என்ற பெயர் இதோடு சேர்ந்ததன்று, அது யோசேப்பு.)

சூசன் குடியிருந்த வீட்டுக்கும் ‘எவர்கிரீன்ஸ்’, அதாவது என்றும் பசுமையான மரங்கள் என்று பெயர். டிக்கின்சன் வீட்டுக்கு அடுத்த வீடு. இடையே புல்வெளியும் ஒற்றையடிப் பாதையும் இருந்தன. அப்பாதை வழியே கவிஞர் சூசனுக்கு அனுப்பிய கவிதைகள் 200-க்கும் மேல். வேறு எவருக்கும் அவர் அத்தனை அனுப்பியதில்லை. பலருக்கு அவர் பூவையே அறிமுகச் சீட்டாக நீட்டியிருக்கிறார். 1870-இல் தம்மைக் காண வந்த எழுத்தாளர் ஹிக்கின்சனின் கையில் இரண்டு லில்லிப் பூக்களை வைத்து, இவையே என் அறிமுகம் என்றாராம். 1886 மே மாதம் அவர் இறந்தபோது, உடலுக்கு வெள்ளை உடை அணிவித்தவர் சூசன். கையருகே இரண்டு ஹீலியோட்ரோப் பூக்களை வைத்தவர் தங்கை லவினியா.

கே: அப்படியானால் ரோஸ், ரோஸ்மேரி, டாலியா போன்ற பெயர்களையாவது பூவிலிருந்து வந்தவை என்று நம்பலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

ப: இன்று வைக்கப்படும் ரோஸ் பூவின் பெயர்தான். இடைக்கால இங்கிலாந்தில் வழங்கிய ரோஸ் என்பதற்கோ, புகழ் என்னும் பொருளுள்ள ஜெர்மானியப் பெயர் ஒன்றைப் பெயராய்வாளர்கள் மூலமாகக் காட்டுவர். ரோஸ்மேரி மூலிகையின் லத்தீன் பெயர் ‘கடற்பனி’ என்று பொருள்படும்; பிற்காலத்தவர் அதை ரோஸும் மேரியும் சேர்ந்ததாகக் கொண்டார்கள். குளோயி, ஃபிலிஸ் என்னும் கிரேக்கப் பெயர்கள் அயலாகத் தோன்றினாலும், முன்னது இளந்தளிர், பின்னது தழை.

டாலியா நேர் எதிர்த்திசையில் வந்தது: ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளரின் நினைவாகப் பூவுக்குப் பெயர் வைத்தார்கள், பூவிலிருந்து அது பெண்களுக்கு வந்தது. டிக்கின்சன் தம் கண்ணாடி அறையில் வளர்த்த நறுமணக் கார்டீனியாவின் கதையும் இதுவே. பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்தில் தோட்டத்தைக் குறிக்கும் சொல் நினைவுக்கு வரும். ஆனால் அது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் மருத்துவம் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கார்டன் என்பவரின் குடும்பப் பெயர்.