ஜப்பானில் அதிவேக ரயில்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊரில் இருந்து குழுக்களை ஜப்பானுக்குக் கூட்டிப்போய் வருகிறேன். புறப்பட முதல் வரும் கேள்விகளில் பாதி ஷின்கான்சென் ரயிலைப் பற்றித்தான். இம்முறை வந்தவற்றில் சில.

எங்கள் பெரிய சூட்கேஸ்களை ரயிலில் ஏற்றலாமா? எனக்கு முழங்கால் நோவும் இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி)

ஏற்றலாம் ரீச்சர். ஆனால் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து கூட்டுங்கள். 160 சென்ரிமீற்றருக்குள் வந்தால் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் வைக்கலாம். அதைத் தூக்கி வைப்பது யார் என்பதுதான் சிக்கல். டோக்கியோ–ஒசாகா வழியில் 160 முதல் 250 வரை என்றால், பின்னால் சாமான் வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதியாமல் கொண்டுபோனால் 1000 யென் கேட்பார்கள். 250ஐத் தாண்டினால் ஏற்றவே விடமாட்டார்கள்.

நல்ல வழி 'தக்யூபின்'. ஹோட்டல் வரவேற்பில் சூட்கேஸைக் கொடுத்தால் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் மறுநாள்தான் போய்ச் சேரும். அதனால் ஒரு இரவுக்கான உடுப்பு, கடவுச்சீட்டு, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பிறஷர் குளிசையைச் சூட்கேஸுக்குள் வைத்து அனுப்பிவிட்டு, இரவு முழுக்க என் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்கும்? நாங்கள் 15 பேர். ஆரும் தவறவிட்டால்? (மாங்குளம்)

இடை நிலையங்கள் பலவற்றில் ஒரு நிமிடமளவில்தான் நிற்கும். யாழ்தேவியில் போல, ஆள் இறங்கிவிட்டதா என்று பார்த்து, கை கொடுத்து ஏற்றி, பையை ஜன்னலால் வாங்க நேரம் கிடையாது. மேடைத் தரையிலேயே எந்தப் பெட்டியின் கதவு எங்கே வரும் என்று குறித்திருக்கும். உங்கள் பெட்டி இலக்கத்துக்கு நேரே பத்து நிமிடம் முந்தியே வரிசையில் நில்லுங்கள். டோக்கியோ–ஒசாகா ரயிலுக்கு 16 பெட்டிகள். பிழையான கதவால் ஏறினாலும் பரவாயில்லை, உள்ளே நடந்து போகலாம். இறங்கும்போது, நிலையம் வர ஐந்து நிமிடம் இருக்கவே எழும்பிக் கதவடிக்கு வாருங்கள்.

ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு ஐயா, இடை நிலையத்தில் மேடையில் நின்ற இயந்திரத்தில் தேநீர்ப் போத்தல் வாங்க இறங்கினார். காசு போட்டு, போத்தல் விழுந்து, அவர் திரும்புவதற்குள் கதவு பூட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையில் போத்தலோடு நின்ற அவரைப் பார்த்து மனைவி அழத் தொடங்கிவிட்டார். ஐயா அலையாமல் அங்கேயே நின்று, கழுத்தில் தொங்கிய அட்டையை நிலைய ஊழியரிடம் காட்டினார். அவர்கள் அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்கள், நாங்கள் இறங்கிய நிலையத்தில் காத்திருந்தோம். ஹோட்டல் பெயரும் வழிகாட்டியின் இலக்கமும் ஜப்பானிய மொழியில் எழுதிய அந்த அட்டையை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறியவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், ரயிலில் இருப்பவர்கள் இடையில் இறங்கித் தேட வேண்டாம்.

அம்மாவுக்கு இந்த வேகம் என்றால் பயம். என்ன சொல்லித் தேற்றுவது? (பரந்தன்)

1964 ஒக்டோபர் 1இல் ஓடத் தொடங்கியதில் இருந்து, தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறக்கவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் பக்கம் ரயில் விபத்து என்றாலே கடவைதான் நினைவுக்கு வரும். ஷின்கான்செனுக்கென்று போட்ட பாதையில் கடவையே இல்லை. வீதிகள் மேலாலோ கீழாலோ போகும், ஆடு மாடு குறுக்கே வர வழியில்லை. நிலநடுக்கத்தின் முதல் அலையை உணர்ந்ததும் மின்சாரம் நின்று, தானாகவே பிரேக் பிடிக்கும். டோக்கியோ–ஒசாகா வழியில் மணிக்கு 285 கிலோமீற்றர் வரை ஓடினாலும் உள்ளே ஆட்டம் குறைவு. சுரங்கத்துக்குள் நுழையும்போது காது அடைக்கலாம், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். விமான நிலையம் போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு அம்மாவின் கையால் ஒரு தேங்காய் உடைப்பியுங்கள். அதற்குப் பிறகு அவர் நிம்மதியாக வருவார்.

நாங்கள் சுத்த சைவம். ரயிலில் சாப்பாடு கிடைக்குமா? (வவுனியா)

டோக்கியோ–ஒசாகா வழியில் சாதாரண பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை 2023 ஒக்டோபருடன் நின்றுவிட்டது. நிலையத்தில் 'எகிபென்' என்ற சாப்பாட்டுப் பெட்டி வாங்கலாம். ஆனால் மரக்கறி மட்டும் தெரிகிற பெட்டியிலும் பெரும்பாலும் மீன் அவித்த சாறு சேர்ந்திருக்கும். அதனால் பருத்தித்துறை வடை, முறுக்கு கொண்டுபோங்கள். இருக்கையில் இருந்து சாப்பிடத் தடை இல்லை. இறைச்சியில் செய்த எதையும், பழங்களையும் மட்டும் கொண்டுபோக வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

ஃபுஜி மலை எந்தப் பக்கம் தெரியும்? (முல்லைத்தீவு)

சாதாரண பெட்டியில் ஆங்கில 'ஈ' (E) எழுத்துள்ள ஜன்னல் இருக்கை, போகும்போதும் வரும்போதும். டோக்கியோவில் இருந்து புறப்பட்டு ஏறத்தாழ 45 நிமிடத்தில் வரும். குளிர்காலக் காலை என்றால் நன்றாகத் தெரியும். குழுவில் ஒருவருக்கு மட்டும் அந்த இருக்கை கிடைத்தால், அந்த ஐந்து நிமிடமும் மற்றவர்களுக்கு இடம் விட்டுக் கொடுங்கள். போனில் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றால் பெட்டிகளுக்கு இடையிலுள்ள கதவடிக்குப் போய்ப் பேசுங்கள், இருக்கையில் இருந்து அங்கே யாரும் பேசுவதில்லை.