உலைக் கம்பிக்கும் அமில பம்புக்கும் ஒரே வார்ப்பிரும்பு போதுமா?

கேள்வி: ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் இயங்கும் எங்கள் உலையின் சாதாரண வார்ப்பிரும்புக் கிரேட் பார்கள் (எரிபொருளைத் தாங்கும் கம்பிகள்) சில மாதங்களிலேயே நீண்டு, வளைந்து, விரிசல் விடுகின்றன. கந்தக அமிலம் செல்லும் பம்பின் உடலும் அரித்துப்போகிறது. இரண்டுக்கும் ஒரே கலப்பு வார்ப்பிரும்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இரண்டிலும் கைகொடுப்பது சிலிக்கான்தான் என்றாலும், அதன் அளவு வேறு.

கழற்றிய கம்பி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளி ஓரம் கருத்து, உதிரும் பதத்தில் இருக்கும். சூட்டில் சிமென்டைட் (இரும்பும் கார்பனும் சேர்ந்த சேர்மம்) சிதைந்து, அதிலுள்ள கார்பன் அதிக இடம் பிடிக்கும் கிராஃபைட்டாக மாறுவதாலும், தொடர்ச்சியான கிராஃபைட் இதழ்களின் வழியே ஆக்சிஜன் உள்ளே புகுந்து இரும்பை ஆக்சைடாக்குவதாலும் கம்பி நிரந்தரமாகப் பருத்துவிடுகிறது. 4 முதல் 5 சதவீதம் சிலிக்கானும் 0.5 முதல் 1 சதவீதம் மாலிப்டினமும் கலந்த, கிராஃபைட் உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பில் சிதைவதற்குச் சிமென்டைட் அநேகமாக இராது. உருண்டைகள் தனித்தனியாக இருப்பதால் ஆக்சிஜனுக்கும் வழி கிடைக்காது. வாகன எஞ்சின்களின் புகைபோக்கிக் குழாய்களில் பயன்படுவது இதுவே. உங்கள் வெப்பநிலைக்கும் போதும். வெப்பநிலை இதைவிட வெகுவாகக் கூடினால் மட்டும் 25 முதல் 30 சதவீதக் குரோமிய வகையை நாடுங்கள்.

பம்புக்கு முன் ஒரு கேள்வி: அமிலத்தின் செறிவு என்ன? அடர் கந்தக அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் சாதாரண வார்ப்பிரும்பே ஓரளவு தாங்கும். நீர்த்த அமிலம்தான் அதை விரைவாகக் கரைக்கும். ஏறத்தாழ 14.5 சதவீதச் சிலிக்கான் உள்ள வகையில், தொடக்கத்தில் மேற்பரப்பு இரும்பு சிறிது கரைந்ததும் சிலிக்கா படலம் ஒன்று உருவாகி, அதன்பின் அரிமானம் பெரும்பாலும் அடங்கிவிடும். புகையும் கந்தக அமிலத்துக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கும் சூடான அடர் காரத்துக்கும் இது உதவாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமானால் குரோமியம் சேர்த்த வகை வேண்டும்.

இந்த உயர் சிலிக்கான் வகையின் உண்மையான பலவீனம் நொறுங்கும் தன்மை. கடைசலிலும் டிரில்லிலும் வேலை செய்ய முடியாது, சாணைதான் பிடிக்க வேண்டும் என்பதால், துளைகளை வார்க்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஃப்ளேஞ்ச் (குழாயோடு இணையும் விளிம்பு) போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கழற்றும்போது சுத்தியலைத் தொடவே வேண்டாம். சூடான உடலில் குளிர்ந்த நீர் பாய்ச்சினாலும் விரிசல் விழும். ஆர்டரில் அமிலத்தின் செறிவையும் வெப்பநிலையையும் எழுதாமல் "அமிலம் தாங்கும் வார்ப்பிரும்பு" என்று மட்டும் குறிப்பிட்டால், வார்ப்படசாலை தன் வசதிக்கேற்ற கலவையை ஊற்றிக்கொடுக்கும்.