மறதி நோயுள்ள அப்பா இரவில் எழுந்து நடக்கிறார், கட்டிலோடு கட்டி வைப்பது தவறா?

பகலெல்லாம் வேலை, ராத்திரி தூக்கம் இல்லை, அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். குறை சொல்ல வரவில்லை, ஆனால் கட்டாதீர்கள். புதுச்சேரியில் வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முத்தியால்பேட்டையில் ஒரு தாத்தா. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு கையையும் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. "அவுத்தா ஓடிடுவாரு" என்றார் மருமகள். நான் அவிழ்த்துவிட்டேன். ராத்திரி எழுந்தார், தடுக்காமல் பின்னாலேயே போனேன். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி பீரோ முன்னால் போய் நின்றார். அவர் தேடியது கக்கூஸை. அங்கே விளக்கு அணைத்துக் கதவு சாத்தியிருந்தது. மருந்துச் சீட்டைப் பார்த்தால், கால் வீக்கத்துக்கான நீர் மாத்திரையை, அதாவது அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் மாத்திரையை, காலையில் போடச் சொல்லியிருக்கிறது, வீட்டில் ராத்திரி கொடுத்து வந்திருக்கிறார்கள்! டாக்டரிடம் பேசிச் சரிசெய்தோம். கக்கூஸ் விளக்கை விடிய விடிய எரியவிட்டு, வழியில் கிடந்த மிதியடியையும் ஸ்டூலையும் எடுத்தோம். வாசல் கதவில் ஒரு மணி. அப்புறமும் எழுவார்தான், போய்விட்டு வந்து படுத்துக்கொள்வார்.

"விழுந்தால் நீ பொறுப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டிப் போட்டவரும் முண்டி விழுகிறார், கட்டிலின் தடுப்புக் கம்பியைத் தாண்டினால் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். படுத்தே கிடந்தால் காலில் வலு போய்ப் படுக்கைப்புண் வரும். அடங்கிக் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் கட்டுவதுதான். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. மனநல மருத்துவமனையில்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். ஆள் பற்றவில்லை என்பது காரணமாகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆள் என்றதும் இன்னொன்று. ராத்திரி முழுக்க விழித்திருப்பவள் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், பிரான்ஸில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக் கேமராவில் பார்த்துவிட்டு போன் போடுகிறார்கள். எங்களுக்குப் படுக்க ஒரு பாய்கூடத் தராத வீடுகள் இருக்கின்றன.

அப்பா எந்த நேரத்தில் எழுகிறார், எழுந்து எங்கே போகிறார் என்று சில ராத்திரி கவனித்து எழுதுங்கள். இந்தக் குழப்பம் திடீரென்று ஆரம்பித்திருந்தால் சிறுநீரில் கிருமி இருக்கலாம், மலச்சிக்கலோ வலியோகூட இருக்கலாம். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.