பொலொக் மீனும் சுறா வறையும்: வாசகர் கேள்வி பதில்

மகள் லண்டனில் இருக்கிறா. பேறுகாலத்துக்குப் போய் மூன்று மாதம் நிற்கப்போகிறேன். அங்கே பிரீசர் நிறைய அலாஸ்கா பொலொக் என்ற வெள்ளை மீன்தானாம். ஆணம் ஆக்கினால் கூழாகிறதாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கவேணும், அதற்கு நான் எங்கே போவேன்?
- வாசகி, கல்லடி

அக்கா, சுறாவைத் தேடி அலைய வேண்டாம். மகள் குறைசொல்கிற அந்த மீனிலேயே வறை செய்யலாம். தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் நின்றபோது நானும் இதே மீனைக் கொறுக்காய் போட்டுச் சட்டியில் வைத்தேன். அகப்பை பட்டதும் இதழ் இதழாகக் கழன்று ஆணம் கலங்கிவிட்டது. எரிச்சலில் மீனை வடித்தெடுத்துப் பழைய பருத்திச் சீலைத் துண்டில் போட்டுப் பிழிந்தேன். பிழியப் பிழியத் தண்ணீர். துணிக்குள் மிஞ்சியதைக் கையில் எடுத்துப் பார்த்தால், அவித்து உதிர்த்த பால்சுறா மாதிரியே இருந்தது!

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். முதல் நாள் இரவே மீனைப் பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு, கொஞ்சத் தண்ணீரில் ஐந்து நிமிடம் அவித்து, ஆறவிட்டுத் துணியில் பிழியுங்கள். ஈரம் நின்றால் வறை களியாகிப்போகும், அதனால் இந்த இடத்தில் கையைச் சுருக்க வேண்டாம். மறுகா தேங்காய்ப்பூ, மிளகுதூள், உள்ளி சேர்த்துப் பிசறி, தாளித்த வெங்காயம் கறிவேப்பிலையோடு மெல்லிய நெருப்பில் பொலபொலவென்று வரும்வரை கிளறுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேணும். பிரித்தானியச் சுகாதார சேவை, கர்ப்பிணிகள் சுறா சாப்பிடவே கூடாது என்கிறது. பால் கொடுக்கிற தாய்மாருக்கும் வாரத்தில் ஒருதரத்துக்கு மேல் வேண்டாமாம். மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதுதான் காரணம். பொலொக்கில் அது மிகக் குறைவு. பெற்றவளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

சொதியும் வைக்கலாம். பால் கொதித்துவரும்போது கடைசியாகத் துண்டுகளைப் போடுங்கள். அகப்பை வேண்டாம், சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் இதைவிட நல்ல மீன் அங்கே கிடைப்பது அரிது. புளியாணத்துக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள்.

பெயரிலும் கவனம். பிரித்தானியக் கரையில் கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு மீன் உண்டு. அதன் இருப்பு விழுந்துபோய், 2024இல் அந்நாட்டின் தென்மேற்குக் கடலில் அதைப் பிடிக்கவே வேண்டாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். பொதியில் ‘அலாஸ்கா’ என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள். கடலிலேயே உறையவைத்தது என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. சில பொதிகளில் இருப்பது கப்பலில் ஒருதரமும், வேறு நாட்டில் உருக்கி வெட்டியபின் இன்னொருதரமும் உறைந்த மீன். அதுதான் அதிகம் கரையும்.

சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற நண்டுக்குச்சி நண்டா?
- வாசகி, அக்கரைப்பற்று

இல்லை தங்கச்சி, மீன்தான். பெரும்பாலும் இதே பொலொக்கைக் கழுவி அரைத்து, மாப்பொருள், முட்டை வெள்ளைக்கரு, சிவப்பு நிறம் சேர்த்துச் செய்வது. மணத்துக்கு நண்டுச் சாறும் சேர்ப்பதுண்டு. நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளை வாசிக்காமல் தொடவேண்டாம்.

கடலைக் கெடுக்காமல் பிடித்தது என்று அலாஸ்கா பொலொக் பொதியில் முத்திரை இருக்கிறது. அவ்வளவு பெரிய கப்பல்கள் அள்ளினால் கடல் தாங்குமா?
- வாசகர், வாழைச்சேனை

தம்பி, அந்த முத்திரை வெறும் விளம்பரம் இல்லை. இந்த மீனைப் பிடிக்கிற, அலாஸ்காவுக்கு மேற்கே உள்ள பேரிங் கடலில் ஆண்டுதோறும் மீனின் இருப்பை அளந்துதான் எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். அங்கும் பக்கத்து அலூசியன் தீவுக் கடலிலும் பொலொக்கும் மற்ற அடிமீன்களும் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் தொன்னைத் தாண்டக்கூடாது. பெரிய கப்பல்களில் கண்காணிப்பாளர் இருப்பார். 2005இலிருந்து சான்றிதழும் உண்டு.

ஆனால் கடலில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகிற சால்மன் மீனும் அந்த வலைகளில் அகப்படுகிறது. அலாஸ்காவின் யூகோன் ஆற்றங்கரைப் பழங்குடிக் குடும்பங்கள் சால்மனைக் காயவைத்துத்தான் குளிர்காலத்தைக் கடத்துவார்கள். அங்கே சினூக் என்ற சால்மன் வகை அருகிப்போய், 2024இல் ஏழு ஆண்டுக்கு அதைப் பிடிப்பதையே நிறுத்திவைத்தார்கள். கடல் சூடாவதைத்தான் ஆய்வாளர்கள் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். ஆற்றங்கரை ஆட்களோ, எங்களை நிறுத்திவிட்டுக் கப்பலை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். இழுவைப்படகு வந்துபோன இரவுக்கு அடுத்த விடியலில் அறுந்த வலையோடு கரைக்கு வருகிற உங்களுக்கு அந்தக் கேள்வியை நான் விளக்கவேண்டியதில்லை.