கட்டையைத் திட்டாதீர்கள்: வீட்டு அச்சு வேலை, கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கத்திரி வெயிலைப் பற்றியவை. மீதிப் பாதி, துவைக்காத துணியில் அச்சு அடித்துவிட்டு ஏமாந்தவர்களுடையவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: கட்டம் போட்ட லுங்கித் துணியில் குஷன் உறை தைத்து, மாங்காய் அச்சு அடித்தேன். நல்ல பேப்ரிக் கலர்தான். முதல் சலவையிலேயே பாதி உரிந்துவிட்டது.

அடிப்பதற்கு முன் துணியைத் துவைத்தீர்களா? கடிதம் இரண்டு பக்கம் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லுங்கித் துணிக்குக் கஞ்சி தாராளமாக ஏற்றித்தான் விற்பார்கள். உங்கள் கலர் நூலைப் பிடிக்கவில்லை, கஞ்சியைப் பிடித்தது. கஞ்சி கரைந்தபோது கூடவே போய்விட்டது.

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். சாயம் போட்ட துணியைக் கொதிக்க விட வேண்டாம். வெள்ளைக் காடாத் துணி என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடலாம். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்தால் துணி தயார். முத்து மாதிரி மேலேயே நின்றால் மறுபடியும் துவைக்க வேண்டும். கடைசி அலசலில் வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், அதுவும் கலரைத் தள்ளும்.

அச்சு அடித்த பிறகு ஒரு நாள் காய விட்டு, பின்பக்கத்திலிருந்து, ஆவி இல்லாமல், காட்டன் சூட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் 3 முதல் 5 நிமிடம் அயர்ன் பண்ண வேண்டும். பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிடாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். அடித்து மூன்று நாள் ஆகும்வரை தண்ணீர் படக்கூடாது.

வாலாஜாபேட்டை: மகள் பெயரை ரப்பரில் செதுக்கினேன். அச்சில் எழுத்து திரும்பி விழுகிறது.

விழத்தான் செய்யும். பெயரைத் தாளில் மெத்தென்ற பென்சிலால் அழுத்தி எழுதி, தாளை ரப்பர் மேல் கவிழ்த்துக் கரண்டிக் காம்பால் தேய்த்தால் எழுத்து தானே திரும்பிப் படியும். அதன்படி செதுக்குங்கள். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ழகரத்தின் வால் முதலில் ஒடியும்.

ராணிப்பேட்டையிலிருந்தும் திமிரியிலிருந்தும்: இரண்டு அச்சு அடிப்பதற்குள் கலர் மர அச்சுக் கட்டையிலேயே காய்ந்துவிடுகிறது.

மே மாதம் மத்தியானம் 12 மணிக்கு மொட்டை மாடிக் கொட்டகையில் உட்கார்ந்து அடித்தால் வேறென்ன ஆகும்? காலை 6 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்கு முடித்துவிடுங்கள். மின்விசிறி நேராகக் கட்டை மேல் படக்கூடாது. 100 மில்லி கலருக்கு ஒரு டீஸ்பூன் கிளிசரின் கலக்கலாம். அதற்கு மேல் போனால் துணி பிசுபிசுக்கும், காயவே காயாது. கலர்த் தட்டின் மேல் அவ்வப்போது ஸ்பிரே பாட்டிலால் பூத்தூவல் மாதிரி ஒரு முறை அடியுங்கள். தண்ணீரை ஊற்றி இளக்காதீர்கள். கலரைத் துணியில் ஒட்டவைக்கிற பைண்டர் நீர்த்துப்போனால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும், சலவையில் தெரியும்.

சத்துவாச்சாரி: ஜெய்ப்பூர் கட்டை ஆறு, 3,000 ரூபாய்க்கு வரவழைத்தேன். ஓரம் அப்பிக்கொண்டும் நடு வெள்ளையாகவும் விழுகிறது. முஷ்டியால் குத்தியும் பார்த்தாயிற்று. கட்டை மோசமா? வேறு எங்கே வாங்கலாம்?

எங்கேயும் வாங்க வேண்டாம். கட்டையைத் திட்டுவதற்கு முன்னால் மேசையைப் பாருங்கள். இதே புகார் மாதா மாதம் வருகிறது. கட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள், கீழே விரிக்க ஒரு பழைய கம்பளி தேட மாட்டேன் என்கிறார்கள். சமையல் மேடை கிரானைட், சாப்பாட்டு மேசைக் கண்ணாடி, மொசைக் தரை: இவற்றின் மேல் துணியை விரித்து அடித்தால் எவ்வளவு உயர்ந்த கட்டையும் இப்படித்தான் விழும்.

காரணம் எளிது. மரத்தின் முகம் ஒருபோதும் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்காது, துணியிலும் நூல் மேடு பள்ளம் உண்டு. கீழே கல்லாக இருந்தால் மேடு மட்டும்தான் தொடும். கீழே மெத்தென்று இருந்தால் துணி எழும்பி வந்து கட்டையைச் சந்திக்கும். இரண்டு பழைய கம்பளியை நான்காக மடித்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள், ஏறக்குறைய முக்கால் அங்குலம் வரும். அதன் மேல் துவைத்த பழைய வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்து, அடியில் குண்டூசி குத்துங்கள். கட்டை விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கி உடனே எழ வேண்டும். அதற்காக ஸ்பாஞ்ச் மெத்தையைப் போட்டுவிடாதீர்கள். துணி கட்டையின் பள்ளத்துக்குள்ளேயே புகுந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்காகும். மேசை இடுப்பு உயரம் இருக்கட்டும், அப்போதுதான் உடம்பு எடை கை வழியாக நேராக இறங்கும்.

அடுத்தது கலர்த் தட்டு. கட்டையை டப்பாவில் முக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஓரம் அப்புவது அதனால்தான். மட்டமான ஒரு டிரேயில் அரை அங்குல ஸ்பாஞ்ச், அதன் மேல் கம்பளித் துண்டு, அதற்கும் மேல் மல் துணி. கலரை ஊற்றி, பிரஷ்ஷால் பரப்பி, உள்ளே இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள். கட்டையை லேசாக வைத்து எடுங்கள், கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை. எடுக்கும்போது மெல்ல ஒட்டிப் பிரிகிற ‘சப்’ என்ற சத்தம் கேட்டால் அளவு சரி. ‘சளக்’ என்று கேட்டால் கலர் அதிகம், முதல் இரண்டு அச்சைக் கந்தல் துணியில் அடித்துத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

துணியில் வைத்த பிறகு, கைப்பிடி நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே ஒரு தட்டு. ஆட்டக்கூடாது, இரண்டாம் முறை குத்தக்கூடாது. குத்தினால் கோடு இரட்டையாகும். முஷ்டிக்கு இங்கே வேலையே இல்லை.

இன்னொன்று. ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட நல்ல கட்டைகளில் பக்கவாட்டிலிருந்து சிறு துளைகள் போட்டிருப்பார்கள். அலங்காரத்துக்கு அல்ல, காற்று வெளியேற. அதில் காய்ந்த கலர் அடைத்தால் காற்று நடுவில் சிக்கிக்கொண்டு அங்கே வெள்ளை விழும். குண்டூசியால் குத்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அத்தோடு தீர்ந்துவிடும், மீதிப் பேர் கம்பளியைத் தேடட்டும்.

பேரணாம்பட்டு: தோல் துண்டுகள் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றன. உலோக அச்சால் பூப் போட்டுக் கதவுத் தொங்கல் செய்தால் ஒரு வாரத்தில் பூ மங்கி மறைந்துவிடுகிறது.

தோல் ஊரில் இருந்துகொண்டு எந்தத் தோல் என்று கேட்காமல் வாங்கினீர்களே! குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் அமுங்கும், பிறகு ரப்பர் மாதிரி எழுந்துவிடும். பள்ளம் நிற்க வேண்டுமென்றால் தாவரப் பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் கொண்டு இந்தப் பக்கத்தில் காலங்காலமாகச் செய்து வந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் அந்த வகைதான். துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளேயும் மரப்பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். சாம்பல் நீலமாகத் தெரிந்தால் குரோம். எரித்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குரோம் தோலின் புகையும் சாம்பலும் நல்லதல்ல.

கனம் 2 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் நனைத்து 10, 15 நிமிடம் விடுங்கள். நனைந்த கருமை மறைந்து பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது, கன்னத்தில் வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும். அதுதான் பதம். அதற்கு முன் அடித்தால் பள்ளம் கொழகொழத்துப் போகும், பின்னால் அடித்தால் பதியாது. அடியில் கிரானைட் துண்டு (ஆமாம், இதற்கு மட்டும் கல்), மேலே மரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியால் அடித்தால் அச்சின் தலை நசுங்கும். ஈரத் தோலை இரும்புத் தகட்டின் மேல் வைத்துவிடாதீர்கள், கறுப்புக் கறை விழும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. நிழலில் ஒரு நாள் காய்ந்த பிறகு தேன்மெழுகு லேசாகத் தேய்க்கலாம்.

வாங்கிய குரோம் துண்டுகள் வீணில்லை. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பள்ளத்துக்குப் பதில் அக்ரிலிக் கலரில் ரப்பர் அச்சு அடியுங்கள்.

போளூர்: கடுக்காய்த் தண்ணீரில் முக்கியெடுத்த துணி மஞ்சளாக வரும் என்றார்கள். எங்கள் போர் தண்ணீரில் சாம்பல் நிறமாக வருகிறது.

தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்து எழுதும் மை அப்படித்தான் செய்தார்கள். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த்தூள், அரை மணி நேரம் ஊறல், பிழிந்து அலசாமல் வெயிலில் உலர்த்தல். வெயில் இதற்கு மட்டும் நல்லது.

அதே குணத்தைக் கறுப்பு அச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கால் கிலோ துருப்பிடித்த ஆணி, 100 கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர். மூடியை இறுக்காமல் இரண்டு வாரம் வைத்து வடிகட்டி, புளியங்கொட்டை மாவைக் கூழாகக் காய்ச்சிக் கலந்து அடியுங்கள். கடுக்காய் ஏறிய துணியில் மட்டுமே கறுக்கும். கைக்கு வந்தபடி ஆணியைக் கூட்டாதீர்கள், இரும்பு அதிகமானால் நாலைந்து வருடத்தில் அச்சு விழுந்த இடமெல்லாம் துணி இற்றுப்போகும். துணியைத் துவைத்துவிட்டுத்தான் கடுக்காயில் முக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடி, பள்ளி ஆசிரியை: 40 பிள்ளைகள். உருளைக்கிழங்கு அச்சு சொதசொதவென்று வருகிறது.

கிழங்கின் நீரை எடுக்கவில்லை. நீளக் கத்தியால் ஒரே வெட்டில் வெட்டுங்கள், இரண்டு வெட்டானால் முகம் மட்டமாக இருக்காது. வெட்டிய முகத்தைச் செய்தித்தாளில் கவிழ்த்து 15 நிமிடம் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் செதுக்கவே வேண்டாம். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ. பாகற்காய் சுருள் விளிம்புப் பூ. வாழை இலைக் காம்பு, அறை அறையான பிறை. போஸ்டர் கலர் தாளுக்கு மட்டும். அதைத் துணியில் அடித்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

வேலூர்: கோட்டைக் கோவில் கல்யாண மண்டபத்து விதானத்தில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் இருக்கின்றனவே, அதை லினோவில் (செதுக்கி அச்சடிக்கிற லினோலியம் தகடு) வெட்டிச் சுவர்ப்படமாக அடிக்க ஆசை.

நல்ல ஆசை. முழு வட்டத்தையும் ஒரே தகட்டில் வெட்டாதீர்கள், ஏழாவது கிளியில் கை வழுக்கினால் ஆறும் வீண். ஒரு கிளி, ஒரு இதழ், அதை மட்டும் 45 டிகிரி ஆப்பு வடிவத்தில் வெட்டுங்கள். தாளை எட்டாக மடித்துப் பிரித்தால் மடிப்புக் கோடே வழிகாட்டி, எட்டு முறை அடித்தால் வட்டம் நிறையும். புகைப்படத்தின் நிழலைக் கோடாக எடுத்துக்கொண்டால் கிளி கோழியாகிவிடும். வெளிக்கோடு, கண், சிறகில் மூன்று கீற்று போதும். கத்தி போகும் வழியில் இன்னொரு கையை வைக்காதீர்கள். தாள் 200 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கட்டும்.

ஆரணி: பழைய பட்டுப் புடவையில் அச்சு அடித்துத் திரை தைக்கலாமா?

பட்டில் பழகாதீர்கள். பிக்மென்ட் கலர் பட்டுத் துணியை விறைப்பாக்கும், அயர்ன் சூடு ஜரிகையைக் கறுப்பாக்கும்.

ஆம்பூர்: கட்டையைக் கழுவி வெயிலில் வைத்தேன், விரிசல் விட்டு வளைந்துவிட்டது.

மரம் அது, வடகம் அல்ல. பழைய டூத்பிரஷ்ஷும் கொஞ்சம் தண்ணீரும் போதும். காய்ந்த அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட். ஊறப் போடக்கூடாது, நிழலில்தான் காய வைக்க வேண்டும், மாதம் ஒரு முறை எண்ணெய் தடவ வேண்டும். லேசான வளைவு என்றால் குழிந்த பக்கத்தில் ஈரத் துணி போட்டு, மேலே அம்மிக் குழவியை ஓரிரவு வையுங்கள். விரிசலுக்கு மருந்து இல்லை.

செய்யாறு: வரவேற்பறைச் சுவரில் பத்தடி நீளத்துக்குக் கோலக் கரை அடிக்க வேண்டும்.

முதலில் சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்புச் சுவர், பிரைமர் அடிக்காமல் தொடாதீர்கள். சுவருக்கு மரக்கட்டை வேண்டாம், பிளைவுட்டில் ஒட்டிய 10 மில்லிமீட்டர் ஃபோம் போதும். பத்தடி என்றால் 120 அங்குலம். அச்சு 4, இடைவெளி 2 என்று வைத்தால் சரியாக 20 விழும். கணக்குப் போடாமல் ஆரம்பித்தால் கடைசி மூலையில் அரைக் கோலம்தான் மிஞ்சும். நூல் பிடித்துக் கோடு போட்டு, கதவுக்குப் பின்னால் மறையும் மூலையிலிருந்து தொடங்குங்கள். கை பழகுகிற வரைக்கும் விழுகிற கோணல் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.